பழக்கத்திற்கும் கேள்வி உண்டா?



நான் இந்தப் பள்ளிக்கு இமாமாக வந்தபோது ஓரமாக இரண்டு நாற்காலிகள்தான் கிடந்தன. இன்று இருபதுக்கும் மேல். அதில் அமர்ந்து தொழுபவர்களில் சிலர் என்னைவிட வயதில் சிறியவர்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழுவது மார்க்கம் தந்த சலுகை. ஆனால் அந்த நாற்காலிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. நம்மில் யாரும் வேண்டுமென்றே உடம்பைக் கெடுத்துக்கொள்வதில்லை. கை பழகிவிட்டது, நாக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். அப்படி நினைவில்லாமல் செய்ததற்கும் மறுமையில் கேள்வி உண்டா?

என் கதையைச் சொல்கிறேன். சென்ற வருடம் பள்ளி வளாகத்தில் மருத்துவ முகாம் நடந்தது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் எனக்குச் சர்க்கரை 118. “100-க்குக் கீழே இருக்கணும் ஹஜ்ரத். 126-ஐத் தொட்டா சர்க்கரை நோய்னு சொல்வோம். நீங்க நடுவுல நிக்கிறீங்க” என்றார் டாக்டர். “ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?” என்று கேட்டார். யோசிக்காமல் “மூணு” என்றேன்.

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் சொன்னதும் என் மகள் சிரித்துவிட்டாள். மறுநாள் ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்து, “அத்தா, ஒரு டீக்கு ஒரு புளியங்கொட்டை. வெளியில குடிக்கிறதையும் மறைக்காம சொல்லணும்” என்றாள். ஃபஜ்ருக்குப் பிறகு மோதினாருடன் ஒன்று. நாஷ்டாவோடு ஒன்று. மதரஸா இடைவேளையில் ஒன்று. பார்க்க வந்தவருக்காக ஒன்று. இப்படியே போய், இஷாவுக்குப் பிறகு எண்ணினால் ஏழு கொட்டைகள்!

டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் 14 ஸ்பூன், ஏறக்குறைய 56 கிராம். பெரியவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் டீயிலேயே அதைத் தாண்டியிருந்தேன். கல்யாண வீட்டுப் பிரியாணியும் அதன் பின்னால் வரும் இனிப்பும் இந்தக் கணக்கில் இல்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் தஸ்பீஹை விரல் விட்டு 33 என்று பிசகாமல் எண்ணுகிறவன் நான். என் வாய்க்குள் போவதை எண்ணவில்லை.

சகோதரர்களே! ஹிஜ்ரி 7-இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இரவு முழுக்கப் பயணம். எல்லோருக்கும் களைப்பு. ஓரிடத்தில் தங்கிய நபி (ஸல்) அவர்கள், ஃபஜ்ருக்கு எழுப்பும் பொறுப்பை பிலால் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார்கள். பிலால் (ரலி) அவர்களும் ஒட்டகத்தில் சாய்ந்து கிழக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கண் அசந்துவிட்டது. வெயில் சுட்ட பிறகுதான் எல்லோரும் விழித்தார்கள். பிறகு அந்த இடத்தை விட்டுச் சற்று நகர்ந்து, உளூச் செய்து, ஜமாஅத்தாகத் தொழுதார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. இது போன்ற மற்றொரு நிகழ்ச்சியை அறிவிக்கும் அபூகதாதா (ரலி) அவர்கள், தூக்கத்தில் தவறிப்போவது குற்றமில்லை, விழிப்பில் இருக்கும்போது அலட்சியம் செய்வதே குற்றம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் சொல்கிறார்கள்.

நம் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. பழக்கம் என்பது ஒரு தூக்கம். தூக்கத்தில் செய்ததற்காக அல்லாஹ் நம்மைப் பிடிப்பதில்லை என்று அவனுடைய கருணையில் நம்பிக்கை வைக்கிறோம். ஆனால் படுப்பதற்கு முன் எழுப்ப ஆள் வைத்தோமா? எழுப்பப்பட்ட பிறகு என்ன செய்தோம்? அங்கேதான் கேள்வி. 118 என்ற எண்ணைப் பார்க்கும்வரை நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பார்த்த பிறகும் ஏழு டீ குடித்தால், அது தூக்கமல்ல.

“என் உடம்பு, நான் கெடுத்துக்கொள்கிறேன், யாருக்கு என்ன?” என்று சிலர் கேட்கலாம். உடம்பு அமானத். ஸல்மான் (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரையில் இறைவனுக்கும் குடும்பத்துக்கும் உள்ள உரிமையோடு, நமக்கு நாமே செலுத்த வேண்டிய உரிமையையும் சேர்த்தார்கள். அதை நபி (ஸல்) அவர்களும் சரியென்றார்கள். வணக்கத்திற்காகக்கூட உடம்பை வதைக்க அனுமதி இல்லாதபோது, நாக்குக்காக வதைக்க அனுமதி ஏது?

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எல்லா நோயும் பழக்கத்தால் வருவதில்லை. பரம்பரையில் வரும், காரணமே தெரியாமலும் வரும். நோயாளியைப் பார்த்து “நீ தின்றதுதான்” என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. முஃமினுக்கு நோய் பாவங்களைக் கழுவும் என்பது நம் நம்பிக்கை. இந்தக் கேள்வி நமக்கு நாமே கேட்டுக்கொள்வதற்கு மட்டும்தான்.

ஆகவே இந்த வாரம் உங்களுக்கு ஒரு பிலாலை நியமித்துக்கொள்ளுங்கள். அது மனைவியாக இருக்கலாம், மகளாக இருக்கலாம், ஒரு கிண்ணம் புளியங்கொட்டையாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். “எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லம்மா” என்று வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். உங்களை எழுப்ப வந்தவர் அவர்.

இன்னொன்று, விழித்ததும் அவர்கள் அந்த இடத்தை விட்டு நகர்ந்தார்கள். பழக்கம் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் ஃபஜ்ருக்குப் பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பாமல் கபர்ஸ்தான் வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். ஏழு கொட்டை மூன்றானது. வீடு பள்ளியிலிருந்து ஐந்து நிமிட நடைதான் என்றால் பைக்கை எடுக்காதீர்கள். மூன்று வக்துக்கு நடந்து வந்து போனால் நாளைக்கு 30 நிமிடம். வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதில் பெரும் பங்கு இதிலேயே வந்துவிடும். தொழுகைக்கு வரும்போது நிதானமாக வாருங்கள், அது சுன்னத். திரும்பும்போது கை வீசி நடங்கள்.

யா அல்லாஹ்! நீ தந்த இந்த உடம்பை உனக்கு ஸஜ்தா செய்யும் வலிமையோடு கடைசிவரை வைத்திருப்பாயாக! எங்களில் நோயுற்றவர்களுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! நாங்கள் அலட்சியத்தில் உறங்கும்போது எங்களை எழுப்பிவிடுவாயாக! ஆமீன்.