நினைவு தவறிய பின்

அந்திம காலத்தில் எதை நினைத்து ஒருவன் சரீரத்தை விடுகிறானோ அதையே அடைகிறான் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் கூறுவதால், கடைசி மூச்சின்போது திருநாமம் நெஞ்சில் நிற்கவேண்டுமே என்று ஆயுள் முழுவதும் கவலைப்பட்ட பக்தர்கள் நம் நாட்டில் அநேகர். ஆனால் மூச்சு நிற்பதற்குப் பல வருஷங்கள் முன்னதாகவே நினைவு நின்றுபோய், பெற்ற பிள்ளையின் பெயரும் பூஜித்த தெய்வத்தின் பெயரும் ஒருங்கே அழிந்துவிடுமானால், அந்த ஆத்மாவின் கதி என்ன? இது வெறும் ஏட்டு விசாரம் அன்று. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.

முன்பு தம்மிடம் சிகிச்சை பெற்று 1906-இல் இறந்த ஒரு பெண்மணியின் மூளையை அலோயிஸ் அல்சைமர் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உயிரணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட நார்ச் சிக்கல்களையும் கண்டு சொன்ன நாள் முதல், ஞாபகம் என்பது சதையில் எழுதப்பட்ட எழுத்தே என்ற எண்ணம் வலுத்து வந்திருக்கிறது. 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சுசுமு டோனேகாவாவின் ஆய்வுக்கூடம் அறிவித்த முடிவு இன்னும் நுட்பமானது. அந்நோயின் ஆரம்பக் குறிகளைக் கொண்ட எலிகள், ஒரு கூண்டில் அதிர்ச்சி பட்டதை மறுநாளே மறந்துவிட்டன. ஆயினும் அந்த அனுபவம் பதிந்த அணுக்களை மட்டும் நீல ஒளியால் தூண்டியபோது, அந்த எலிகள் அச்சத்தால் உறைந்து நின்றன. பதிவு அங்கேயே இருந்தது; அதைச் சென்று எட்டும் வழிதான் அடைபட்டிருந்தது. இதைப் படித்து உள்ளம் பூரிப்பது இயல்பே. எனினும் நோய் முற்றி அணுக்களே மடிந்தபின் தூண்டுவதற்கு எதுவும் எஞ்சாதாகையால், நம்பிக்கையை இந்தச் சோதனையின்மேல் கட்டுவது தகாது.

கடலோரத்து நெம்மேலிக் குப்பத்தில் ஒரு முதியவரைப் பார்த்திருக்கிறேன். கஞ்சி கொண்டுவந்த மருமகள், “நான் யாருன்னு தெரியுதா மாமா?” என்று கேட்டாள். அவர் நெடுநேரம் அவள் முகத்தைப் பார்த்து, “நம்ம வூட்டுப் பொண்ணு” என்றார், பெயர் வரவில்லை. அவருடைய கைகளோ மடியில் கிடந்த வலையின் கிழிந்த கண்களைத் தடவிப் பார்த்து, ஊசியைக் கோத்து வாங்கி, ஒரே அளவில் முடிச்சிட்டுக்கொண்டிருந்தன. கைப்பழக்கம் ஒரு சுற்றிலும் நேற்றைய சம்பவம் வேறொரு சுற்றிலும் காக்கப்படுகின்றன என்பது, 1953-இல் அறுவைச் சிகிச்சையால் புதிய நினைவுகளைச் சேர்க்கும் சக்தியையே இழந்த ஹென்றி மொலேசன் என்பவரைப் பிரெண்டா மில்னர் பல்லாண்டுகள் சோதித்ததன் பயனாக உலகம் அறிந்த உண்மை.

மனம் ஜடமென்று தெரிந்ததால் மதம் வீழ்ந்தது என்போர், மனத்தை ஆத்மாவாகக் கொண்டவர்களுக்கே விடை கூறுகிறார்கள். நம் வேதாந்திகள் மனத்தைப் பிரகிருதியின் விகாரமாகவே வைத்தார்கள். மெய்கண்டாரும் ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று எனப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பிரித்துக் காட்டினார். சாஸ்திரரீதியாக இது போதுமான பதில்தான். ஆனால் தாயின் கட்டிலருகே அமர்ந்திருக்கும் மகனுக்கு இது ஆறுதல் ஆகாது. தன்னையும் தன் தெய்வத்தையும் அறியாத ஆத்மா அழியாமல் இருந்துதான் என்ன பயன் என்று அவன் கேட்பான்.

அவனுக்கான பதில் இந்தக் கரையிலேயே கோயில் கொண்டிருக்கிறது. நெம்மேலிக்குச் சற்று வடக்கே, திருவிடந்தையில், இடத் தொடையில் பிராட்டியை ஏந்தி நிற்கும் வராகப் பெருமானை இன்று கல்யாணம் வேண்டி மாலை சாத்துவோரே பெரிதும் நாடுகின்றனர். ஆயினும் பூமிப்பிராட்டி தன் மக்களுக்காக முறையிட, அந்த மூர்த்தி அருளியதாக வைணவர் போற்றும் வராக சரம சுலோகத்தின் பொருள் இங்கே நினைக்கத்தக்கது. மனம் தெளிந்து, சரீரம் நலமுற்று, தாதுக்கள் சமநிலையில் நிற்கும்போது ஒருவன் என்னை நினைத்தானாகில், பின்னர் அவன் கட்டையும் கல்லுமாய்க் கிடக்கும் வேளையில் நான் அவனை நினைக்கிறேன் என்பதே அதன் சாரம். நினைவு தாதுக்களின் சமநிலையைச் சார்ந்தது என்பதை ஒப்புக்கொண்டே அந்த வாக்கு தொடங்குகிறது. பிறகு, நினைக்கும் பொறுப்பையே ஜீவனிடமிருந்து வாங்கி ஈசுவரனிடம் வைத்துவிடுகிறது. வேதாந்த தேசிகர் ‘ரகஸ்ய சிகாமணி’ என்று ஒரு தனி நூலே இதற்கு இயற்றினாரென்றால் வியப்பில்லை.

இருந்தும், நலமாயிருந்தபோது நினைத்தவனுக்கு என்றதொரு நிபந்தனை அதில் இருக்கிறதே. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ என்னும் வரைபடம், 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து கருக்களின் மூளைகளை 5,132 மெல்லிய வெட்டுகளாகக் காட்டுகிறது. ஒரு மனிதனின் நினைவுக்கு இடமாகப்போகும் அமைப்பு எத்துணைப் பக்குவமாக அடுக்கடுக்காய் உருவாகிறது என்பதைக் காணும்போது, அது சரிவர உருவாகாமலே பிறந்து, ஒருநாளும் திருநாமத்தை நினைக்க வாய்ப்பில்லாத குழந்தைகளின் ஞாபகம் எனக்கு வருகிறது. வைணவருள், கிருபைக்கு ஜீவனிடம் சிறு முயற்சியேனும் வேண்டும் என்ற வடகலையாரும், கிருபை காரணம் பாராது என்ற தென்கலையாரும் நெடுங்காலம் வாதிட்டார்கள். முன்னவர் காட்டும் உவமைப்படி, தாயைப் பற்றிக்கொள்ளக் குரங்குக் குட்டிக்குக் கை வேண்டும். கை அமையாமலே பிறந்த குட்டியின் விஷயத்தில், பூனை தானே வந்து கவ்வித் தூக்கிச் செல்லும் என்ற தென்கலையார் பக்ஷத்தையே நான் ஏற்கிறேன்.