யார் செய்த பாவம்?

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் கொரோனா பரவலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடப்புக்கு வந்தது. அன்றிரவே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதற்கடுத்த வாரங்களில் மளிகைக் கடை வாசல்களில் சுண்ணாம்பு வட்டம் போட்டார்கள். தெருமுனையில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் ஊற்றினார்கள். நிலைப்படிகளில் வேப்பிலை தொங்கியது. வாசல்களில் மஞ்சள் கரைத்த தண்ணீர் தெளித்தார்கள். யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிக்கும் முன் விழிப்புணர்வு அறிவிப்பின் இருமல் சத்தம் கேட்டது. அந்த அச்சத்தின் ஊடே ஒரு பழைய கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது: இது யார் செய்த பாவம்? கலி முற்றிவிட்டது என்றார்கள் சிலர். மனிதனின் ஆணவத்துக்குக் கிடைத்த அடி என்றார்கள் சிலர். கடவுளை நினைக்கிறவர்கள் கேட்கும் கேள்வி என்பதால் அது பக்திக் கேள்வியாகவே தோன்றும். ஆனால் அது பக்தியிலிருந்து பிறக்கவில்லை, பயத்திலிருந்து பிறக்கிறது என்பதும், நோயாளிக்கு நோயைவிடக் கூடுதலான தீங்கை அது செய்கிறது என்பதும் என் துணிபு.

பொதுவாக மனிதகுலத்தின் பாவம் என்று தொடங்கும் பேச்சு பொதுவிலேயே நின்றுவிடுவதில்லை. ஓர் ஆளைத் தேடிப் பிடிக்கிறது. டெல்லி நிஜாமுதீனில் நடந்த முஸ்லிம் மத மாநாட்டுக்குப் போய்வந்தவர்களில் பலருக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், ஒரு சமூகம் முழுவதும் நோய் பரப்ப வந்ததாகப் பேச்சு கிளம்பியது. அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினர் சிலர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை ரத்து செய்தது. அவர்கள் பலியாடு ஆக்கப்பட்டார்கள் என்று தீர்ப்பிலேயே எழுதியது. சென்னையில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சில தெருக்களில் தகரம் அடித்தார்கள். காய்ச்சல் வந்தவரின் குடும்பம் காய்கறி வண்டிக்காரரைக் கூப்பிடவும் கூசியது. ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்ய விடவில்லை. வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோன இடத்தில் கூட்டம் கூடி ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. ஓட்டுநருக்கு ரத்தம் வழிந்தது. பிறகு நள்ளிரவில் அவருடைய சக மருத்துவர் ஒருவர் மருத்துவமனை ஊழியர்களுடன் அந்த உடலை மீண்டும் அங்கே கொண்டுவந்து, தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். இறந்தவர் உடலிலிருந்து யாருக்கும் இந்த நோய் தொற்றியதாகச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தது. நோயாளிகளைப் பார்த்துவந்த ஒரு மருத்துவருக்கு ஆறடி மண் கொடுக்க மறுத்ததற்கு வெறும் அறியாமை மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. நோய் வந்தவரைத் தண்டனை பெற்றவராகப் பார்க்கப் பழகிய கண்ணும் அதில் சேர்ந்திருக்கிறது.

இப்படித்தான் எக்காலமும் இருந்தது, மனித இயல்பு அது, என்று சொல்வதை ஏற்க முடியாது. மாறான ஒரு வழக்கம் இதே தமிழ்நாட்டில், வெகு காலமாக, மிகக் கொடிய ஒரு நோயின் முன்னால் இருந்திருக்கிறது. பெரியம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகினார்கள். வெளியாள் உள்ளே வரமாட்டார், வீட்டார் வெளியே போய் இன்னொரு வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். தாளிக்கும் வாசனை எழக்கூடாது. படுத்திருப்பவருக்கு இளநீர், நுங்கு, கூழ் என்று குளிர்ச்சியாகக் கொடுத்தார்கள். அரிக்கிற உடம்பை நகத்தால் கீறவிடாமல் வேப்பங்கொத்தால் வருடினார்கள். முத்து இறங்கிய பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். இதில் தொற்றைத் தடுக்கும் விலகல் முழுமையாக இருக்கிறது. அவமதிப்பு துளியும் இல்லை. அந்த உடம்பில் மாரியம்மன் இறங்கியிருக்கிறாள் என்பது நம்பிக்கை. அதனால் படுத்திருப்பது ஐந்து வயதுப் பேத்தியாக இருந்தாலும், "என்ன வேணும் தாயே" என்று பாட்டி பணிந்து கேட்பாள். ஒரே நிலைப்படி வேப்பிலைதான். அன்று அது உள்ளே இருப்பவருக்கு மரியாதை. 2020இல் அது வெளியே இருக்கிறவருக்கு எதிரான காவல்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அம்மன் வழிபாடு பெரியம்மையை ஒழிக்கவில்லை, தடுப்பூசிதான் ஒழித்தது. அம்மனுக்கு ஆகாது என்று அம்மை குத்திக்கொள்ள மறுத்தவர்களும் உண்டு. அந்த மறுப்பால் உயிர்கள் போயின. உண்மை. 1796இல் ஜென்னர் கண்ட வழிதான் 1975இல் இந்தியாவையும், அதன் பிறகு உலகத்தையும் அந்த நோயிலிருந்து விடுவித்தது. கோயில் கதைகளில் அம்மன் கோபித்து நோய் அனுப்புவதும் உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. நோய் ஏன் வருகிறது என்பதற்கு அந்த நம்பிக்கை சொன்ன விடை தவறு. நோய் வந்தவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு அது சொன்ன விடை சரி. முதல் கேள்வியை மருத்துவத்திடம் ஒப்படைத்த நாம், இரண்டாவது விடையையும் சேர்த்துத் தொலைத்துவிட்டோம். கோபம் அம்மனுடையதாக இருந்தபோதுகூட வீட்டுக்குள் படுத்திருந்தவரைக் குற்றவாளியாக யாரும் நடத்தவில்லை என்பதைத்தான் நான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

பாவக் கணக்கை விட்டுவிட்டால் மதத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் தங்கள் மதங்களையே ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இவர் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னதாக யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருப்பது தெரிந்து கலீஃபா உமர் வழியிலேயே திரும்பினார். இறைவன் விதித்ததிலிருந்து ஓடுகிறீர்களா என்று தளபதி அபூ உபைதா கேட்டார். அவன் விதித்த ஒன்றிலிருந்து அவன் விதித்த இன்னொன்றுக்குப் போகிறோம் என்றார் உமர். கொள்ளைநோயில் இறந்தவரைத் தண்டிக்கப்பட்டவராக அல்ல, உயிர்த்தியாகியாக மதிக்கிறது இஸ்லாமிய மரபு. கர்மக் கோட்பாட்டின் தாயகத்திலேயே, படும் துன்பமெல்லாம் முன்வினையால்தானா என்று கேட்ட துறவிக்குப் புத்தர் பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று காரணங்களை அடுக்கினார். வினை அவற்றில் ஒன்று மட்டுமே. அவரேதான் வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவை ஆனந்தரோடு சேர்ந்து கழுவிப் படுக்க வைத்தவர். ஊழுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

இதற்கும் ஒரு பதில் வரும். என் வினை என்று எண்ணி ஆறுதல் கொள்கிறவர்கள் இருக்கிறார்களே, அதையும் பறிக்க வேண்டுமா? வேண்டாம். படுக்கையில் கிடப்பவர் "எல்லாம் நான் செஞ்ச வினை" என்று சொன்னால் அது அவர் தம் துயரத்தைத் தாங்கும் வழி. அதே வாக்கியத்தை எதிர்வீட்டுக்காரர் அவரைப் பார்த்துச் சொன்னால் அது தீர்ப்பு. தன்னை நோக்கிச் சொன்னால் அடக்கம், பிறரை நோக்கிச் சொன்னால் ஆணவம். வினைக் கோட்பாட்டுக்குள் நின்றாலும் அடுத்தவர் கணக்கைப் படிக்கும் அறிவு யாருக்கும் தரப்படவில்லை. நல்ல நோக்கம் இருந்தால்கூட இதில் விதிவிலக்கு கிடையாது. 1934 ஜனவரியில் பீகாரில் நிலநடுக்கம் வந்தபோது, தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் கொடுத்த தண்டனை அது என்று காந்தி திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமையை அவரளவுக்கு வெறுத்த தாகூர் உடனே மறுத்தார். இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கைதான் காரணம். தண்டனை என்ற வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்கே அதிகம் பொருந்தும், காந்தியின் இயக்கத்தால்தான் பூமி அதிர்ந்தது என்று அவர்களும் சொல்லலாமே என்றார். என் மதிப்பில் அந்த விவாதத்தில் தாகூர் பக்கமே நியாயம். இடிபாட்டில் செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா?

அப்படியானால் பயணத்தை மறைத்தவர், தனிமையை மீறி ஊர் சுற்றியவர் யாரையும் குறை சொல்லக்கூடாதா? சொல்லலாம், சொல்ல வேண்டும். விதியை மீறியது ஒரு செயல். செயலுக்குச் சட்டம் உண்டு, அபராதம் உண்டு. நோய் அந்த அபராதமல்ல. மீறிய பலர் நலமாக இருந்தார்கள். கவச உடைக்குள் வியர்வையில் ஊறிக்கிடந்த செவிலியர்கள் நோயில் விழுந்தார்கள். கிருமி யாருடைய ஒழுக்கத்தையும் சோதித்துப் பார்த்து நுழையவில்லை.

மருத்துவர் சைமனின் அடக்கத்துக்குப் பிறகு, தொற்றுநோயால் இறந்தவரின் உடலடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த டிசம்பரில், உரிய அதிகாரியின் உத்தரவில்லாமல் நோயாளிகள் வீட்டில் அறிவிப்பு ஒட்டக்கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. சட்டம் அவ்வளவுதான் செய்ய முடியும். அந்த வாரங்களில் கதவில் ஸ்டிக்கரோடு, யாரும் எட்டிப் பார்க்காமல், அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த குடும்பம் ஒன்று அநேகமாக உங்கள் தெருவிலும் இருக்கும். அன்று துக்கம் விசாரிக்கப் போகாதவர்கள் இன்றாவது போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.