அடங்கலும் அமைதியும்: வளர்ப்புப் பாம்பு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது தமிழர் வழங்கும் பழமொழி. படை நடுங்குவதைக் கூறிய பழமொழி, படையைக் கண்ட பாம்பு நடுங்குமா என்று வினவவில்லை. பாம்பை வழிபட்டோரும் அடித்துக் கொன்றோரும் அதனை அச்சத்தின் ஊற்றாகக் கண்டனரேயன்றி, அச்சத்துக்கு ஆட்படும் உயிராகக் கண்டது அரிது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியுள்ள ஒரு வழக்கம் அவ்வினாவைத் தவிர்க்க இயலாததாக்கியுள்ளது. அங்கே நாயும் பூனையும் போலப் பாம்பும் இல்லங்களில் வளர்க்கப்படுகின்றது. கண்ணாடிக் கூட்டினுள் இருக்கும் பாம்பு, தன்னை எடுக்க வரும் கையைக் கண்டு சீறித் தாக்குமாயின், வளர்ப்பவன் செய்யத்தக்கது யாது? இது கைத்திறன் பற்றிய சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயினும், தன்னினும் மெலிந்த உயிரொன்றின் மறுப்புக்கு வலியவன் எத்துணை மதிப்பளிக்க வேண்டும் என்னும் பெருவினா அதனுள் அடங்கியுள்ளது.

இவ்வாறு வளர்க்கப்படும் பாம்புகளுள் குறிப்பிடத்தக்கது பந்து மலைப்பாம்பு. மேற்கு, மத்திய ஆபிரிக்காவுக்குரிய இப்பாம்பு நஞ்சற்றது. பெரும்பாலும் 3 முதல் 5 அடி வரை வளர்வது. அச்சமுறும்போது தலையை நடுவே மறைத்து உடலைப் பந்துபோற் சுருட்டிக்கொள்வதால் இப்பெயர் பெற்றது. பகலில் வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒடுங்கியிருந்து, இரவில் இரை தேடும். நல்ல பராமரிப்பில் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து இது பெருந்தொகையாக ஏற்றுமதி செய்யப்பட்டு வந்துள்ளது. பெனின் நாட்டின் உவீடா நகரிலோ, இதே பாம்பு கோயிலில் வைத்துப் போற்றப்படுகின்றது. வீட்டினுள் புகுந்த பாம்பையும் மக்கள் ஊறு செய்யாது மதிப்புடன் எடுத்துச் சென்று கோயிலிற் சேர்ப்பர். ஒரே உயிர் ஓரிடத்தில் தெய்வம், ஓரிடத்தில் வணிகப் பண்டம், வேறோரிடத்தில் செல்லப்பிராணி. மனிதன் சூட்டிய இம்மூன்று பெயர்களுள் எதனையும் பாம்பு அறியாது.

வளர்ப்போர் பலர் ஒரு புதிரைக் காண்கின்றனர். கூட்டுக்கு வெளியே கையிற் சாந்தமாக ஊர்ந்து திரியும் பாம்பு, கூட்டினுள் கை நுழைந்ததும் கழுத்தை வளைத்துச் சீறுகின்றது. சிலவேளை கொத்தவும் செய்கின்றது. இதனை முரட்டுக் குணம் என்று கூறி அமைவது எளிது. பாம்பின் புலன்களை நோக்குவார்க்கு வேறு விளக்கம் புலப்படும். மலைப்பாம்பின் உதட்டோரத்துக் குழிகள் வெப்பத்தை உணர்வன; பிளந்த நா மணத்தைத் திரட்டுவது. வெப்பமுடைய கையொன்று எலியின் மணத்தோடு நுழையின் அது இரையாகத் தோன்றும். மேலிருந்து இறங்கின், பற்றிச் செல்ல வரும் பகையாகத் தோன்றும். இரையென மயங்கிய பாம்பு கவ்விய பின் விடாது சுற்றி இறுக்கும். அஞ்சிய பாம்போ பெரும்பாலும் கொத்திய கணமே விட்டுவிடும். முன்னையது புலன் மயக்கம்; பின்னையது தற்காப்பு. இரண்டினுள்ளும் வன்மம் இல்லை. மங்கிய ஒளியிற் கயிற்றை அரவெனக் கண்டு மருள்பவனை வேதாந்திகள் மயக்கத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். இங்கே எடுத்துக்காட்டுத் தலைகீழாகின்றது. மருள்வது அரவு, மருட்சிக்குப் பொருளாவது மனிதனின் கை. கயிற்றைக் கண்டு மருண்டவனைக் கொடியவன் என எவரும் இகழார்; அந்நீதி அரவுக்கும் உரியதன்றோ?

பாம்புக்கு அச்சம் உண்டு என்று கூறுவது மனித உணர்வை அதன்மேல் ஏற்றிக் கூறுவதாகாதா எனச் சிலர் வினவலாம். விலங்குகளைப் பொறிகளோடு ஒப்பிட்ட தேக்காட்டின் மரபில் நிற்போர்க்கு அச்சீற்றம் கடிகாரத்தின் ஒலியை ஒத்தது. கீழ்நிலை உளச்செயலால் விளக்கக்கூடிய நடத்தையை மேனிலை உளச்செயலால் விளக்கலாகாது என 1894 இல் லொயிட் மோகன் வகுத்த விதியும் எச்சரிக்கை தருகின்றது. ஆயினும், அவ்விதி அச்சத்தை மறுப்பதன்று. பாம்புக்கு மானமும் பகையுணர்ச்சியும் உண்டெனக் கூறுவதே அவ்விதிக்கு மாறானது. அச்சமோ அவற்றினும் எளியது, உயிர் பிழைப்புக்கு அடிப்படையானது. ஓர் உயிரின் அகவுலகு எத்தன்மைத்து என்பதைப் புறத்தே நிற்பவர் முற்றாக அறிய இயலாது என்பது உண்மை. எனினும், அறியாமை அலட்சியத்துக்கு நியாயமாகாது. ஐயமுள்ள இடத்தில் துன்பம் உண்டெனக் கொண்டு ஒழுகுவதே குறைந்த தவறுக்கு இடமளிப்பது.

இனி, வளர்ப்போர் கையாளும் முறைகளை நோக்கலாம். எலியின் மணம் நீங்கக் கையைக் கழுவுதல், மேலிருந்தன்றிப் பக்கத்திலிருந்து அணுகுதல், வளைந்த கம்பியால் உடலை மெல்லத் தொட்டு இது உணவு வேளையன்று என உணர்த்துதல், இரையுண்ட பின் ஓரிரு நாளும் தோலுரிக்கும் காலத்திலும் தொடாதிருத்தல் ஆகியவற்றில் அறச்சிக்கல் எதுவுமில்லை. இவை பாம்பின் மொழியிற் பாம்போடு பேசும் முயற்சிகள். சிக்கல் பிறிதொரு முறையில் எழுகின்றது. பாம்பு தாக்கியதும் கையை எடுத்துவிட்டால், தாக்கினால் கை அகலும் என அது கற்றுக்கொள்ளும். ஆகவே கையுறை அணிந்தேனும் கையை எடுக்காது நிற்க வேண்டும் என்பர் சிலர். கற்றல் பற்றிய உளவியல் நோக்கில் இக்கூற்றுப் பொய்யன்று. பலமுறை தாக்கியும் பயனில்லை எனக் கண்ட பாம்பு, ஈற்றில் தாக்குவதை விட்டுவிடவும் கூடும். வளர்ப்பவன் பாம்பு பழகிவிட்டது என மகிழ்வான். அது பழகியதா, அன்றிக் கைவிட்டதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

1967 இல் செலிக்மன், மயர் ஆகியோர் நாய்களிடத்துச் செய்த பரிசோதனைகள் இவ்விடத்து நினைக்கத்தக்கவை. தப்ப வழியின்றி மின்னதிர்ச்சிக்கு உட்பட்ட நாய்கள் பல, பின்னர் தப்புவதற்கு வழி இருந்தபோதும் முயலாது கிடந்தன. அவை உதவியற்ற நிலையைக் கற்றுக்கொண்டன என்று அன்று விளக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 2016 இல், அவ்விருவருமே தம் விளக்கத்தைத் திருத்தினர். நீடித்த துன்பத்தின் முன் செயலற்றுப் போதல் கற்கப்படுவதன்று, அதுவே இயல்பான விளைவு. தன் செயலால் நிலைமையை மாற்றலாம் என்பதே கற்கப்படுவது என்றனர். நாய்க்குக் கூறியதை அப்படியே பாம்புக்கு ஏற்றிக் கூறல் பொருந்தாது. ஆயினும், அப்பரிசோதனைகள் உணர்த்தும் எச்சரிக்கை ஒன்றுண்டு. அசையாமை அமைதிக்குச் சான்றாகாது. அச்சம் நீங்கிய உயிரும் அசையாதிருக்கும். நம்பிக்கை நீங்கிய உயிரும் அசையாதிருக்கும். வகுப்பறையில் ஒரு சொல்லும் பேசாத மாணவன் பாடத்தில் ஆழ்ந்தவனாகவும் இருக்கலாம். கேட்ட வினாக்களுக்கெல்லாம் ஏச்சே பெற்றவனாகவும் இருக்கலாம்.

அங்ஙனமாயின், அடங்கலையும் அமைதியையும் பிரித்தறிவது எவ்வாறு? விலக வழியுள்ள இடத்தில் விலகாதிருத்தலே அமைதிக்குரிய அடையாளம். கூட்டின் இரு பக்கத்தும் மறைவிடம் இருக்க, கதவு திறந்திருக்க, கை அசையாது காத்திருக்க, நாவை நீட்டி ஆராய்ந்தவாறு பாம்பு தானே வெளிவருமாயின், அவ்வருகைக்குப் பொருளுண்டு. மறைவிடத்தை அகற்றிய பின் பிடிபட்ட பாம்பின் சாந்தத்துக்கு அப்பொருள் இல்லை. மறுக்க முடியாத இடத்துக் கிடைத்த இசைவு இசைவாகாது என்பது மாந்தரிடையே ஒப்புக்கொள்ளப்பட்ட நீதி. பாம்பு இசைவு என்னும் கருத்தை அறியாது, விலகுதலை அறியும். அதற்குரிய அளவில் அந்நீதியும் அதற்கு உரியதே.

இதற்கு ஒரு தடை கூறலாம். நோயுற்ற பாம்பை மருத்துவரிடம் கொண்டு செல்லவும், கூட்டைத் துப்புரவு செய்யவும் அதனைப் பிடித்தே ஆகவேண்டும். மறுப்பை எப்போதும் மதிப்பின் அது கேட்டிலேயே முடியும். இத்தடை ஏற்கத்தக்கது. குழந்தை அழுதாலும் தாய் மருந்து புகட்டவே செய்வாள். ஆயினும் அங்கே வலிமை பயன்படுவது குழந்தையின் பொருட்டு. பாம்பின் நலன் பொருட்டு அதனைப் பிடிப்பதும், விருந்தினர் வியக்கத் தோளில் அணிவதற்காகப் பிடிப்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு அதன் மறுப்பை மீறலாம், பின்னதற்கு மீறலாகாது. அன்புடன் தடவப்படுதலைப் பாம்பு நாடுகின்றது என்பதற்குத் தக்க சான்றில்லை. ஆகவே, கையில் ஏந்தும் இன்பம் பெரும்பாலும் ஏந்துபவனுக்கே உரியது.

விலங்கிடம் கொடுமை செய்பவன் மனிதரிடத்தும் கல்நெஞ்சனாவான் என்பது கான்ற்றின் கருத்து. அக்கருத்தில் விலங்கின் துன்பம் மனிதனின் ஒழுக்கத்துக்கு வெறும் பயிற்சிக்களமாகின்றது. வள்ளுவர் அருளுடைமை அதிகாரத்திற் காட்டும் வழி இதனினும் நேரானது: மெலியார்மேற் செல்பவன், வலியார்முன் தான் நிற்கும் நிலையை எண்ணுதல் வேண்டும். கூட்டின் கதவைத் திறப்பவன், தன்னினும் பன்மடங்கு பெரிய கையொன்று தன் உறைவிடத்துள் மேலிருந்து இறங்குவதாக ஒருகணம் எண்ணிப் பார்ப்பானாக.

கூடு என்ற ஒன்று இருக்கும்வரை இக்கேள்விக்கு முழுமையான விடை கிட்டாது. கதவைத் திறந்து வைப்பவனும் அதனை மீண்டும் மூடவே செய்கின்றான். அவன் பாம்புக்கு அளிக்கும் தெரிவு நான்கு சுவர்களுக்கு உட்பட்ட தெரிவே. இக்குறையை அவன் மறைக்க வேண்டுவதில்லை, உணர்ந்திருத்தல் வேண்டும். அவ்வுணர்வு உடையவன், சீறும் பாம்பின் முன் கையைப் பின்வாங்குவதைத் தோல்வியாகக் கருதான். அன்று கதவை மூடிவிட்டு, மறுநாள் மீண்டும் வந்து காத்திருப்பான்.