இழப்பிற் பங்கு: சூதாட்டத் தரகும் நட்பின் அறமும்

சூது மனிதனுக்குப் புதிதன்று. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். பாரதக் கதையின் போக்கையே மாற்றியது ஒரு சூதாட்ட மண்டபம். ஆயினும் சூதாடுபவனைப் பற்றி நாம் சிந்தித்த அளவுக்கு, அவனைச் சூதுக்கு அழைத்து வருபவனைப் பற்றிச் சிந்தித்ததில்லை. கைத்தொலைபேசியே சூதாட்ட மண்டபமாகிவிட்ட இந்நாளில் அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

அண்மையில், பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் நண்பனொருவன், இணையவழிப் போக்கர் சீட்டாட்டத்துக்கான அழைப்பொன்றை எனக்கு அனுப்பினான். அதனூடாகச் சேர்ந்தால், தோற்றாலும் ஒரு பங்கு திரும்பி வரும் என்றான். தனக்கும் ஏதோ கிடைக்கும் என்றான். அவன் தீயவன் அல்லன். ஆகவேதான் அவ்வழைப்பு என்னைச் சிந்திக்க வைத்தது.

போக்கர் ஆட்டத்தில் ஆடுவோர் தம்முள்ளேயே மோதுகின்றனர். மேசையை நடத்தும் நிறுவனம் சீட்டை எடுப்பதில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் குவியும் பந்தயப் பணத்தில் ஒரு சிறு வீதத்தை எடுத்துக்கொள்கிறது. இதுவே ‘ரேக்’ எனப்படும் மேசைக் கூலி. இதுவும் பழையதே. வென்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்து வீதத்தைச் சூதாட்டக் கண்காணிப்பாளன் பெறலாம் என்று அர்த்தசாஸ்திரம் விதித்தது. அக்கூலியின் ஒரு பகுதியை ஆடியவனுக்கே திருப்பிக் கொடுப்பது ‘ரேக்பேக்’. ஆளைச் சேர்த்துவிடும் தரகனுக்கு, ஒரு தலைக்கு இவ்வளவு என்றோ, அவ்வாள் ஆடும் காலம் வரை வருமானத்தில் ஒரு பங்கு என்றோ நிறுவனம் கொடுக்கிறது. தனக்குக் கிடைக்கும் பங்கில் ஒரு துண்டை ஆட்டக்காரனுக்கு விட்டுக்கொடுத்து அவனைக் கவரும் தரகரும் உளர்.

ஓர் எளிய கணக்கினை நோக்குவோம். சமதிறமையுடைய ஆறு பேர் தலைக்கு 10,000 ரூபாவுடன் அமர்கின்றனர். மொத்தம் 60,000. ஒவ்வோர் ஆட்டத்திலும் 1,000 ரூபா குவிகின்றது. 50 ரூபா கூலியாகிறது. இரவுக்கு நூறு ஆட்டங்கள் எனின் 5,000 ரூபா மேசையை விட்டு அகலும். பந்தயம் இவ்வாறே தொடருமாயின் பன்னிரண்டு இரவுகளில் அறுவர் பணமும் தீரும். கூலியில் நூற்றுக்கு 30 வீதம் திருப்பிக் கொடுக்கப்பட்டால் இரவுக்கு 3,500 ரூபாவே அகலும். பணம் பதினேழு இரவுகளுக்குச் சற்று அதிகமாக நீடிக்கும். ஆக, ரேக்பேக் தந்தது செல்வமன்று. மேலும் ஐந்து இரவுகள். சூதில் வரும் வெற்றியை, மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இன்றோ தோல்வியிலும் இரை கோக்கப்படுகின்றது.

சந்தையில் மீன் விற்றுக் கொடுப்பவனும் தரகுதானே பெறுகிறான் என்று சிலர் வினவலாம். உண்மை; ஆயின் மீன் நல்ல விலைக்குப் போனால் மீனவனும் மகிழ்வான், தரகனும் மகிழ்வான். போக்கர்த் தரகனின் வருவாயோ நண்பன் எவ்வளவு காலம் மேசையை விட்டு எழாதிருக்கிறான் என்பதிலேயே தங்கியுள்ளது. கசினோ ஆட்டங்களிலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் நிலை இன்னும் கொடிது. அங்கே பல தரகர்களுக்குக் கிடைப்பது ஆடியவனின் நிகர இழப்பிலேயே ஒரு பங்கு.

போக்கர் திறமை சார்ந்தது என்பது மற்றொரு வாதம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகள் என ஏற்று, தமிழ்நாட்டுச் சட்டம் அவற்றுக்கு விதித்த தடையை நீக்கியது. ஆயின் 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரத்தையும் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றமோ சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை நிறுவச் சட்டம் நிறைவேற்றியது. ஒரே வினாவுக்கு இரு நாடுகள் இரு விடை கூறுகின்றன. சட்டம் எல்லையை மாற்றி வரையலாம். நட்பின் கடமை அவ்வெல்லையோடு நகர்வதில்லை. திறமை எவ்வளவு இருப்பினும் மேசைக் கூலி கழிந்த பின்னரே வெற்றி கணக்கிடப்படும்.

வயது வந்தவன் தானே விரும்பி வருகிறான் என்பது இறுதி வாதம். ஆம், ஆடுவது அவன் தெரிவே. ஆயின் தெரிவு சுயமானதாக இருக்க, அழைப்பவன் தன் பங்கினை மறையாதிருத்தல் வேண்டும். தருமனைச் சூதுக்கு அழைக்கச் சென்றவன் விதுரன். அவ்வழைப்பைச் சுமந்து சென்றபோதும் சூதின் தீமையை அவன் மறைக்கவில்லை. தருமன் இழந்ததில் அவனுக்குப் பங்கும் இல்லை. அவ்விரண்டும் இல்லாதவிடத்து அழைப்பு நட்பின் பெயரைத் தாங்கலாகாது.

நண்பனிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: நான் எவ்வளவு காலம் ஆடினால் உனக்கு எவ்வளவு வரும்? அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், தான் இழந்ததை மீட்கவே ஆள் சேர்க்கத் தொடங்கியதாகக் கூறினான். தோற்றவனைக் கொண்டே அடுத்தவனை அழைப்பிக்கும் ஏற்பாடு இது. அவனைக் குற்றவாளியாக்கிவிட்டு நாம் ஒதுங்குதல் எளிது. அவனுக்கு உற்ற இழப்பைக் கேட்டறிந்து, அவ்வழைப்பு இன்னொருவரைச் சென்றடையாது அவனோடு சேர்ந்து நிறுத்துதலே நட்பு.