விலையும் கூலியும்

கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றும் மதுரைச் சுங்குடிச் சேலையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெண்மணியின் விரல் இட்ட முடிச்சாகும். அதனைப் பேரம் பேசி மலிவாய்ப் பெற்று மகிழும் நாம், குறைந்த தொகை எவர் கூலியில் குறைந்தது என வினவுகின்றோமில்லை.

1921இல் இம்மதுரையில் அரையாடை பூண்ட காந்தியடிகள், 1935இல் கதர் நூற்போர்க்கு வயிறு நிரம்பும் கூலி வேண்டுமென்றார். விலை கூடின் விற்பனை குன்றுமெனப் பலர் அஞ்சினர். எனினும் அகில இந்திய சர்க்கா சங்கம் கூலியை உயர்த்தியது.

கூடிய தொகை வணிகரிடமே தங்கிவிடாதோ எனில், அவ்வையம் நியாயமே. ஆதலின் இயன்றோர் மிகுத்துக் கொடுத்தலோடு, அது உழைத்தவர் கையைச் சேர்ந்ததா எனக் கேட்டறிதலும் கடமையாம்.

நம்மைச் சார்ந்த உயிர்களின் உணவைத் தடுத்தல் கொல்லாமை அணுவிரதத்திற்கு அதிசாரம் என்பதை நாம் அறிவோம். அங்ஙனமாயின், உணவிற்கும் போதாத கூலியால் மலிந்த ஆடையை அறிந்தே அணிதல் எவ்வாறு குற்றமற்றதாகும்?