டிக்கெட்

தமிழ் கற்க மதுரைக்கு வரும் அயல்நாட்டார் இன்றும் உண்டு. அப்படி வந்த ஆங்கில இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு மாலை வேளைகளில் என்னிடம் பாடம் கேட்டார். தெப்பக்குளத்தருகே ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தார். தமிழ்ச் சொற்களால் அவர் பட்ட பாட்டைவிட, நம் வாயில் புகுந்துவிட்ட தம் தாய்மொழிச் சொற்களால் பட்ட பாடே அதிகம். 'பார்ட்டி' என்றால் விருந்தல்ல, ஆள். 'கேஸ்' என்றாலும் சில சமயம் ஆள். "ரெண்டு டிக்கெட் இறங்கணும்" என்று கண்டக்டர் கத்தினால் அதுவும் ஆள்தான்! இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தேன். கொச்சை என்று நான் கருதியவற்றை மட்டும் மறைத்துவிட்டேன். விருந்தாளிக்குக் கொல்லைப்புறத்தைக் காட்டுவானேன் என்ற நாகரிகம்!

ஒருநாள் மேலூர் சென்றவர் மறுநாள் காலை திரும்பினார். வீட்டுக்காரப் பாட்டி இரவே ஆஸ்பத்திரியில் காலமாகியிருந்தாள். உடல் இன்னும் வந்து சேரவில்லை. தெருமுனை டீக்கடைக்காரர், "தம்பி, ஒங்க வீட்டுக் கெழவி டிக்கெட் வாங்கிருச்சு" என்றாராம். இவர் நேரே போய், வாசலில் நின்ற மகனிடம், "அம்மா எப்போது திரும்புவார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

மகன் சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, "திரும்ப மாட்டாக, தம்பி" என்றாராம்.

டீக்கடைக்காரரின் நாக்கைத்தான் முதலில் மனத்துக்குள் கடிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பாட்டிக்கு விடியற்காலையில் காசு வாங்காமல் டீ கொடுத்து வந்தவர் அவர். அன்று கடையை அடைத்துவிட்டு மயானம் வரை நடந்தவரும் அவரே.

செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம்; பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. நன்னூல் வகுத்த இவ்வழக்குகளுக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள் இவை. 'இறந்தார்' என்பதற்கும் பழம்பொருள் 'கடந்தார்' என்பதே. டீக்கடைக்காரர் சொன்னதும் புறப்பாட்டைத்தானே? அதைக் கொச்சையாக்கியது சொல்லின் குணமா, சொன்னவரின் அழுக்கு வேட்டியைப் பார்த்த என் கண்ணா? உயிரோடு இருக்கும் மனிதரைக் காகிதத் துண்டாக்கும் டிக்கெட்டைச் சிரித்தபடி கற்பித்தேன். போனவளை வழியனுப்பிய டிக்கெட்டை மறைத்தேன்.

மறுநாள் அவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"ஏன் ஐயா எனக்குச் சொல்லித் தரவில்லை?"

"தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் நீங்கள் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"டீக்கடைக்காரர் சொல்லலாமா?"

"அவர் சொல்லலாம்."

எழுதிக்கொண்டார். பேனாவை மூடாமலே நிமிர்ந்து, "நீங்கள்?" என்றார்.