ஒருமுறை கேட்கலாம்

பட்டுத்தறி ஓடும் ஆரணியில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் பேருந்து நிலையத்தில் நின்று கொஞ்ச நேரம் பேசினால், அவர்கள் வீடு திரும்புவதற்குள் அந்தப் பேச்சு வீட்டுக்குப் போயிருக்கும். நூல், கூலி, கடன், கல்யாணம் என்று வீட்டுக்கு வீடு தொடர்புள்ள ஊர். அங்கே பிடித்திருக்கிறது என்று யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. பிடிக்கவில்லை என்றும் சொல்வதில்லை. ஒரு பார்வை, அரைச் சிரிப்பு, தாமதமாக வரும் பதில், பேச்சை வேறு பக்கம் திருப்புவது ஆகியவற்றை வைத்து எதிரிலிருப்பவர் புரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பெர்ஜர் வகை ஆட்டிசம் உள்ளவருக்கு இந்தக் குறிப்புகள் பல நேரம் எட்டுவதே இல்லை. இது சிநேகமா, அதற்கு மேலா என்ற கேள்வி அவருக்குள் மாதக்கணக்கில் ஓடும். குறிப்பறியும் பயிற்சியை அவர்மேல் சுமத்திவிட்டு நாம் ஒதுங்குவது நியாயமில்லை என்பது என் எண்ணம். நேராக ஒருமுறை கேட்கவும், வரும் பதிலை முழுதாக ஏற்கவும் அவருக்கு இடம் வேண்டும்.

வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் 1944-ல் விவரித்த நிலைக்கு, 1981-ல் லோர்னா விங் அவர் பெயரையே இட்டார். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியல் அந்தப் பெயரைக் கைவிட்டு, ஆட்டிசம் நிறமாலைக்குள் சேர்த்துவிட்டது. பெயர் போனாலும் சிக்கல் போகவில்லை. இவர்களுக்குப் பேச்சும் படிப்பும் சரளமாக இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. ஆகவே தவறாகப் புரிந்துகொண்டவனை ஊர் ‘வழிகிறான்’ என்கிறது. புரிந்துகொள்ளாமல் நகர்ந்துவிட்ட பெண்ணைத் ‘திமிர்’ என்கிறது. பெண்களுக்கு ஆபத்து இன்னொரு பக்கமிருந்தும் வருகிறது. எதிரிலிருப்பவனின் நோக்கம் புரியாமல் அவர்கள் இயல்பாகப் பழக, அந்தப் பழக்கம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

மற்றவர்களெல்லாம் குறிப்பைச் சரியாகத்தான் அறிகிறார்களா? 1982-ல் அன்டோனியா ஆபி என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார். ஓர் ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் சாதாரணமாகப் பேசினார்கள்; இன்னோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து கவனித்தார்கள். பெண்கள் வெறும் நட்பாகக் கண்ட அந்தப் பெண்ணின் பேச்சில், ஆண்கள் அதைவிடக் கூடுதலான பாலியல் நாட்டத்தைக் கண்டார்கள். அவர்கள் ஆட்டிசம் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல, சாதாரணக் கல்லூரி மாணவர்கள். நம் மரபிலும் இந்த வழுக்கல் இருக்கிறது. குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பிலேயே இரண்டு அதிகாரங்கள் உண்டு: பொருட்பாலில் ஒன்று, இன்பத்துப்பாலில் ஒன்று. காதலைப் பேசும் அதிகாரம், அயலார் போலக் கடிந்து பேசுவதையும் உள்ளன்பின் அடையாளமாகவே காட்டுகிறது. பரஸ்பரம் மனம் அறிந்த இருவருக்கு அது அழகு. அதையே எல்லோருக்குமான விதியாக எடுத்துக்கொண்டால், மறுப்பையும் ஆசையாகப் படிக்கும் வேலை தொடங்கிவிடும். நம் சினிமா பல பத்தாண்டுகளாக அந்த வேலையைத்தான் செய்துவந்திருக்கிறது. சொல்லப்படும் விதியை எழுத்துக்கு எழுத்து நம்பும் ஒருவர், விடாமல் பின்தொடர்வதே காதல் என்று அதிலிருந்து கற்றுக்கொண்டால் குற்றம் யாருடையது?

இங்கே எழும் மறுப்பை நான் மதிக்கிறேன். சிறிய ஊரில் பெண் நேராக ‘வேண்டாம்’ என்றால் கோபமும் பழியும் அவள் மீதுதான் விழும், குறிப்பால் நழுவுவது அவளுடைய பாதுகாப்பு, அதைப் பிடுங்கலாமா? பிடுங்கக் கூடாது. அதனால்தான் சுமை கேட்பவர் மீது இருக்க வேண்டும். ஒருமுறை கேட்பது; தெளிவான ஆம் வராவிட்டால், மௌனமும் ‘பார்க்கலாம்’ என்பதும்கூட இல்லை என்றே கொள்வது; காரணம் கேட்காமல் நிறுத்துவது. ஆட்டிசம் இதற்கு விலக்கு ஆகாது. 2013 முதல் பின்தொடர்தல் இந்தியாவில் தனிக் குற்றம். 2007-ல் மார்க் ஸ்டோக்ஸும் உடன் ஆய்வாளர்களும் பெற்றோரிடம் கேட்டு நடத்திய ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் விருப்பமில்லாதவரை மற்றவர்களைவிட நீண்ட காலம் நாடியது தெரிந்தது. காதல் நடத்தையை நண்பர்களிடமிருந்து அவர்கள் குறைவாகவே கற்றிருந்ததும் தெரிந்தது. இந்த இரண்டாவது செய்திதான் என்னை உறுத்துகிறது. பதின்வயதில் எல்லோருக்கும் நண்பர் கூட்டம் சொல்லித்தருகிற பாடம், கூட்டத்தில் சேர்க்கப்படாதவருக்குக் கிடைக்கவே இல்லை.

வீட்டில் பார்த்து முடிக்கிற கல்யாணம் இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்பார்கள். அந்த வாதத்திலும் உண்மை உண்டு. அத்தை மகளா, பங்காளி வீட்டுப் பெண்ணா என்ற முறை, யாரை எப்படி நினைக்கலாம் என்பதை முன்கூட்டியே தெளிவாக்கியது. ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் இழை எழும்பும், இல்லையென்றால் எழும்பாது. அத்தகைய தெளிவு அது. அந்தத் தெளிவில் முந்தைய தலைமுறையின் ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் சிரமமில்லாமல் ஒளிந்து வாழ்ந்திருக்கலாம். ஆனால் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் போகிற இன்றைய பிள்ளைக்கு, உடன் படிப்பவளோ உடன் வேலை செய்பவளோ எந்த முறைக்குள்ளும் வருவதில்லை. ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று விஷயத்தை மறைத்து முடிப்பதோ, விவரம் தெரியாத இன்னொரு உயிரை ஊகிக்கும் வேலையில் இறக்கிவிடுகிறது. தாலி கட்டியபின் குறிப்புகள் குறைவதில்லை, கூடுகின்றன.

நட்பைக் காதலின் முன்வாசலாகப் பார்ப்பதும் இதே கெடுதலைச் செய்கிறது. ஒருவரோடு படிப்பைப் பற்றியோ, தறி வடிவமைப்பைப் பற்றியோ, ரயில் அட்டவணையைப் பற்றியோ பேசிக் கழிகிற மாலை தன்னளவில் முழுமையானது என்று ஆட்டிசம் உள்ளவருக்கு யாராவது சொல்ல வேண்டும். உடன் இருக்கும் அக்காவோ நண்பனோ சிரிக்காமல், ‘அவ உன்கிட்ட நல்லா பேசுறா, அவ்வளவுதான்டா’ என்று அன்றைக்கே சொல்லிவிட்டால் ஒரு வருடத் தவிப்பு மிச்சம். கேட்டு மறுக்கப்பட்ட பிறகு அந்தச் சிநேகம் தொடருமா என்பதைச் சொல்ல வேண்டியவர் மறுத்தவர். அவருக்கு ஒரு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம், அவர் திரும்பாமலேயும் போகலாம். அதுவரை கேட்டவர் குறுஞ்செய்தி அனுப்பாமல், தெருமுனையில் நிற்காமல், தன் மற்ற நண்பர்களோடு இருக்கலாம். அந்த மற்ற நண்பர்கள் அவருக்கு இருக்கும்படி பார்த்துக்கொள்வது பள்ளியும் கல்லூரியும் குடும்பமும் செய்யக்கூடிய வேலை.